பண்டரிபுரத்துக்கு நடந்து போனால் ராத்திரி எங்கே தங்குவது?

கேட்டவர் மும்பை சயானில் இருக்கும் தமிழர். வயது 54. ஆஷாட வாரியில், அதாவது பண்டரிபுரத்து விட்டலனைப் பார்க்க வருஷாவருஷம் போகும் நடை யாத்திரையில், புனே பக்கத்து ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை நடக்க ஆசைப்படுகிறார், மனைவியும் கூட வருகிறார். "ஊரில் இரண்டு தடவை பழனிக்கு நடந்திருக்கிறேன், நடை பயமில்லை. ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குவது? முன்கூட்டியே அறை போட முடியுமா? எனக்கு மராத்தி பஸ் கண்டக்டரோடு சண்டை போடும் அளவுக்குத்தான் வரும்" என்கிறார்.

அறை போட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் பேசுவது சுலபம். உங்களிடம் காசு இருக்கலாம், அங்கே அறை இருக்காது. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மராத்தி ஞானி ஞானேஸ்வரரின் பாதுகையை ஏற்றிய ரதத்தோடு போனால் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வழியில் புனே, பல்டண் போன்ற இரண்டு மூன்று ஊர்களை விட்டால் மற்ற முகாம்கள் எல்லாம் சின்ன ஊர்கள். தரட்காவ், பரட், பண்டிஷேகாவ் மாதிரி இடங்களில் சாதாரண நாளில் ஒரு லாட்ஜ் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அங்கே ஒரே சாயங்காலத்தில் லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஊர் காலி.

அப்படியிருந்தும் யாரும் படுக்க இடமில்லாமல் தெருவில் நிற்பதில்லை. காரணம், தங்குமிடமே லாரியில் ஏறி உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். அந்த லாரியில் உங்களுக்கும் பங்கு வேண்டுமானால் ஒரு திண்டியில் சேர வேண்டும். உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் அவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

திண்டி என்றதும் பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் டிபன் என்று நினைத்துவிட்டாள். கன்னடத்தில் அதுதான் அர்த்தம். இங்கே திண்டி என்பது சேர்ந்து பாடி நடக்கும் கூட்டம். நடுவில் ஒருவர் வீணை ஏந்தி வருவார், பக்கத்தில் மிருதங்கம், இரண்டு வரிசையாகத் தாளக்காரர்கள், காவிக்கொடி பிடித்தவர்கள், தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள். ஐம்பது பேர் உள்ள திண்டியும் உண்டு, ஆயிரத்தைத் தொடுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, ரதத்துக்கு முன்னால் எத்தனையாவது, பின்னால் எத்தனையாவது என்று. முன்னால் போகும் 27 திண்டிகள் பழைய பாத்தியதை உள்ளவை. பின்னால் வருபவை நூற்றுக்கணக்கில். இந்த ஒழுங்கையெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியவர் ஹைபத்பாபா. சாத்தாரா பக்கத்து ஆர்பள் ஊர்க்காரர், குவாலியர் சிந்தியா அரசவையில் இருந்தவர். அதனாலோ என்னவோ வாரியில் ஒரு பட்டாளத்து வாசனை இருக்கிறது. காலையில் கொம்பு ஊதினால் எழுந்திரு, அடுத்து ஊதினால் தயாராகு, மூன்றாவது ஊதலில் பால்கி, அதாவது பாதுகைப் பல்லக்கு, கிளம்பிவிடும். உங்களுக்காக யாரும் நிற்க மாட்டார்கள்.

பழனிக் கணக்கு இங்கே எடுபடாது என்று நான் சொல்வது இதனால்தான். தைப்பூசத்துக்கு நடக்கும்போது வெயிலுக்கு முன் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் என்று நம் காலுக்கு ஏற்றபடி போகலாம். கால் ஓய்ந்த இடத்தில் மண்டபமோ, சத்திரமோ, நகரத்தார் விடுதியோ, ஒரு மரத்தடியோ இருக்கும். இங்கே எந்த ராத்திரி எந்த ஊர் என்பது பால்கியின் கணக்கு. புனேயில் இரண்டு ராத்திரி, சாஸ்வடில் இரண்டு, அப்புறம் ஜேஜுரி, வால்ஹே, நீரா நதியைத் தாண்டி லோணந்த், தரட்காவ், பல்டண், பரட், நாதேபுதே, மாள்ஷிரஸ், வேளாபூர், பண்டிஷேகாவ், வாக்கரி, பிறகு பண்டரிபுரம். திதி கூடிக் குறைவதற்கு ஏற்ப ஏதாவது ஓர் ஊரில் ஒரு நாள் கூடும், குறையும். தேதியும் வருஷத்துக்கு வருஷம் ஓடும். ஆஷாட ஏகாதசி 2023-ல் ஜூன் 29, 2024-ல் ஜூலை 17, 2025-ல் ஜூலை 6. ஆகவே லீவு எழுதிக் கொடுக்கும் முன் அந்த வருஷத்து அட்டவணையைப் பாருங்கள். ஆளந்தி தேவஸ்தானம் வெளியிடும், மராத்திப் பேப்பர்களிலும் வரும்.

தேஹுவிலிருந்து இன்னொரு மராத்தி ஞானியான துக்காராமின் பால்கியும் அதே சமயத்தில் கிளம்புகிறது. துக்காராமின் மகன் நாராயண மகாராஜ் 1685-ல் தொடங்கியது. இரண்டு பால்கிகளும் புனேயில் ஒன்றாகத் தங்கும், அப்புறம் பிரிந்துவிடும். துக்காராம் பால்கி லோணி காள்போர், பாராமதி, இந்தாபூர், அக்லூஜ் வழி. நான் நடந்தது ஞானேஸ்வரர் வழி மட்டும், ஆகவே அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சரி, என் முதல் வருஷக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்து பாதி விஷயம் புரியும். திண்டி கிண்டி எதுவும் வேண்டாம், சுதந்திரமாக நடக்கலாம் என்று நான் மட்டும் கிளம்பினேன். இப்படி எந்தத் திண்டியிலும் சேராமல் நடப்பவர்களுக்கு மோக்ளா சமாஜ் என்றே பெயர் உண்டு, அதில் தப்பில்லை. புனே வரை ஜோர். சித்தப்பா பெண் வீட்டில் இரண்டு ராத்திரி, வெந்நீர்க் குளியல், தோசை. மூன்றாம் நாள் புனேயிலிருந்து சாஸ்வட். மொத்த வழியிலும் நீளமான நாள் அதுதான், முப்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் திவே காட் ஏற்றம், ரதத்துக்கே கூடுதலாகக் காளை ஜோடிகள் பூட்டி இழுப்பார்கள். அதுவும் பெரும்பாலும் ஏகாதசி அன்று வரும், அதனால் முக்கால்வாசிப் பேர் உபவாசம். வழியெல்லாம் ஜவ்வரிசிக் கிச்சடியும் வாழைப்பழமும்தான். மழை வேறு. சாஸ்வட் போய்ச் சேரும்போது ராத்திரி எட்டரை. கையில் போன் பண்ணி வைத்திருந்த ஒரு லாட்ஜின் பெயர். போய் நின்றால் என் அறையில் பதினாறு பேர் படுத்திருக்கிறார்கள். முதலாளி கையை விரித்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, வாசலில் நனைந்து நின்றவர்களை உள்ளே விட்டிருக்கிறார்.

கடைசியில் ஒரு பள்ளிக்கூட வராந்தா. படியில் நின்று தயங்கினேன். ஏற்கெனவே காலை நீட்டிப் படுத்திருந்த ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்தவளை ஒரு இடி இடித்து அவளையும் உட்கார வைத்தாள். "யா மாவுலி", வா தாயே, என்று விரிப்பின் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள். திருக்கோவிலூர் இடைகழி ஞாபகம் வந்தது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மழை ராத்திரியில் ஆழ்வார்கள் மூவர் நெருக்கிக்கொண்டு நின்றார்களே, அந்தக் கதை. நாங்கள் ஆழ்வார்கள் இல்லை, ஆகவே நாலாவதாகப் பெருமாள் வரவில்லை. ஒரு நாய் வந்து என் காலடியில் சுருண்டுகொண்டது. மறுநாள் காலை காய்ச்சலோடு பஸ் ஏறி செம்பூர் திரும்பினேன்.

அடுத்த வருஷம் ஒழுங்காகத் திண்டியில் சேர்ந்தேன். முழு வழியும் மூன்று தடவை நடந்தது அதற்குப் பிறகுதான்.

திண்டியில் சேர்வது எப்படி என்பது மும்பையில் இருப்பவர்களுக்கு உண்மையில் சுலபம். உங்கள் கட்டடத்து வாட்ச்மேன், ஆபீஸ் பியூன், காய்கறிக்காரர், பிளம்பர், இவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு ஜூன் மாதமும் மூன்று வாரம் காணாமல் போவார். கேட்டால் "காவ்லா கேலோ" என்பார். பாதி சமயம் அவர் போவது ஊருக்கு இல்லை, வாரிக்கு. அவரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வடாலா விட்டல் கோயில் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே பஜனை பாட வருபவர்களில் திண்டிக்காரர்கள் இருப்பார்கள். ஆளந்தியில் இருக்கும் மடங்களிலும் விசாரிக்கலாம், ஆனால் தெரிந்தவர் மூலமாகப் போவது நல்லது. திண்டி என்பது முக்கால்வாசி ஒரு கிராமத்துக் குடும்பம் மாதிரி. யார் யாருடைய மாமா என்று எல்லாருக்கும் தெரியும். உங்களையும் இன்னாருடைய ஆள் என்றால்தான் பிடித்துக்கொள்வார்கள். மே மாதத்துக்குள் சொல்லிவைத்துவிடுங்கள்.

ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார்கள், பிஷி என்று பெயர். திண்டிக்குத் திண்டி மாறும், மொத்த வாரிக்கும் சில ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கூடாரம், சாமான் லாரி, தண்ணீர் டேங்கர், காலை டீயும் போஹாவும், இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் அடக்கம். மூன்று கேள்வி மட்டும் கேட்டுவிடுங்கள். பெண்களுக்குத் தனிக் கூடாரமா, தம்பதிகளைப் பிரித்துப் படுக்க வைப்பார்களா? முக்கால்வாசித் திண்டிகளில் பிரிப்பார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். டேங்கர் திண்டியின் சொந்தமா, இல்லை ஊரில் பிடித்துக்கொள்வதா? பண்டரிபுரத்தில் தங்க இடம் உண்டா, இல்லை வாக்கரியோடு கைகழுவி விடுவார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கூடாரத்தை ராஹுடி என்பார்கள். மூலையில் குச்சி, நடுவில் கம்பம், கீழே தார்ப்பாய். பதினைந்து இருபது பேர், தலைக்கு ஒரு போர்வை அகலம். நிலம் சில ஊர்களில் கரிசல். மழை பெய்தால் பாயின் கீழே குளிர்ந்த களிமண் நகர்வது முதுகுக்குத் தெரியும். அதிகாலை மூன்று மணிக்கே டேங்கர் குழாயைத் திறந்துவிடுவார்கள். பெண்கள் இருட்டோடு குளித்து முடித்துவிடுவோம். ஐந்துக்குள் கூடாரம் சுருட்டி லாரியில் ஏறும். லாரி வேறு சாலையில் சுற்றிப் போய், அடுத்த ஊரில் நமக்கு ஒதுக்கிய இடத்தில் கூடாரம் அடித்து, நாம் போய்ச் சேரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மாவுலி என்று எல்லாரும் கூப்பிடும் ஞானேஸ்வரருக்கே முகாமில் கூடாரம்தான். அவருடைய கூடாரமும் குதிரைகளும் பெளகாவி மாவட்டத்து அங்கலியில் உள்ள ஷிதோளே வம்சத்தாருடைய கைங்கரியம். குதிரைகள் அங்கலியிலிருந்து ஆளந்திக்கு நடந்தே வருகின்றன, அப்புறம் பண்டரிபுரத்துக்கும் நடை. அதை நினைத்தால் நம் காலைப் பற்றிப் புலம்பக் கூச்சமாக இருக்கும்.

இதில் புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சாயங்காலம் நம் கூடாரத்தைக் கண்டுபிடிப்பது. ஊரைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளையும் காவியுமாக ஆயிரக்கணக்கில் கூடாரம். எல்லாம் ஒரே மாதிரி. லட்சம் போன்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்குவதால் யாரையும் கூப்பிட முடியாது. பகலில் திண்டியோடு ஒட்டி நடந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் டீக்கு நின்றோம், கால் வலித்து உட்கார்ந்தோம் என்றால் விட்டுப்போகும், போனால் அவ்வளவு கூட்டத்தில் பிடிக்க முடியாது. ஆகவே ரதத்துக்கு முன்னா பின்னா, எண் என்ன என்பதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் மழையில் கரைந்துவிடும். எண்ணைச் சொன்னால் எந்தத் தெருவில் போகவேண்டும் என்று யாராவது காட்டுவார்கள்.

ராத்திரி சமாஜ ஆரத்தி என்று ஒன்று நடக்கும், அதைத் தவறவிடாதீர்கள். எல்லாத் திண்டிகளும் பால்கியைச் சுற்றி நின்று தாளம் தட்டிக்கொண்டிருக்கும். ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் சோப்தார் தன் வெள்ளித் தடியை உயர்த்துவார். அத்தனை சத்தமும் ஒரு நொடியில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் ஒரு திண்டி தாளம் தட்டிக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு ஏதோ குறை என்று அர்த்தம். சோப்தார் அங்கே போய் என்னவென்று கேட்டுத் தீர்த்துவைத்தால்தான் ஆரத்தி. அன்று தொலைந்தது, கிடைத்தது எல்லாம் அங்கேதான் அறிவிப்பார்கள். என் மூக்குக்கண்ணாடி வால்ஹேயில் அப்படித்தான் திரும்பி வந்தது.

தினசரி நடை சராசரியாக இருபது கிலோமீட்டர் பக்கம். லோணந்திலிருந்து தரட்காவ் மாதிரி பத்துக்கும் குறைவான நாளும் உண்டு. அன்றுதான் வழியில் சாந்தோபாச்சா லிம்ப் என்ற இடத்தில் முதல் ரிங்கண். ஆட்கள் இரண்டு பக்கமும் வழிவிட்டு நிற்க, நடுவில் குதிரைகள் ஓடும். ஒரு குதிரையில் வீரர், இன்னொன்றில் யாரும் இல்லை. அதில் ஞானேஸ்வரரே ஏறியிருப்பதாக ஐதீகம். குளம்படி மண்ணை அள்ளி நெற்றியில் வைத்துக்கொள்ள ஒரு தள்ளுமுள்ளு நடக்கும், அதில் மட்டும் ஓரமாக நில்லுங்கள். புனே பக்கம் மழை, நீராவைத் தாண்டியபின் மழை குறைந்து வெயிலும் காற்றும். பல்டணுக்கு அப்புறம் மழைக்கோட்டைவிடத் தொப்பிதான் உதவும்.

செருப்பு பற்றி ஒன்று. பழனிப் பழக்கத்தில் வெறுங்காலோடு கிளம்பாதீர்கள். வார்கரிகளில், அதாவது வாரி நடப்பவர்களில், பெரும்பாலானவர்கள் செருப்போ கான்வாஸ் ஷூவோ போட்டுத்தான் நடக்கிறார்கள். நெடுஞ்சாலைத் தார் வெயிலில் கொப்புளமாகப் பழுக்கவைத்துவிடும். வழியில் அறுந்த செருப்பை இலவசமாகத் தைத்துக் கொடுக்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள், சவரம் செய்துவிட ஆள் உண்டு, காலில் எண்ணெய் தேய்த்துவிடப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எனக்கு ரொம்பக் கூச்சம். நம் பிள்ளை வயசுப் பையன் காலைத் தொடுகிறானே என்று இழுத்துக்கொண்டேன். திண்டியில் கூட வந்த ஒரு காக்கூ, மராத்தியில் சித்தி, திட்டினாள். "அவன் உனக்கா தேய்க்கிறான்? மாவுலிக்குத் தேய்க்கிறான். நீ நடுவில் யார்?" அதற்குப் பிறகு காலை நீட்டினேன். சாப்பாடும் அப்படித்தான், ஊர்க்காரர்கள் ரொட்டியும் பிட்லாவும் மிளகாய்த் தொக்கும் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். நாம் கொண்டுபோக வேண்டியது ஒரு தட்டு, ஒரு டம்ளர், தலையில் கவிழ்த்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள், சீக்கிரம் உலரும் துணி நாலு, தேங்காயெண்ணெய். பிட்லா நம் கும்பகோணம் பிட்லை இல்லை, கடலைமாவைக் கரைத்துக் கிளறியது, ஏமாறாதீர்கள். காபி கிடைக்காது. மூன்றாம் நாள் தலைவலி வந்தால் அது வெயிலால் இல்லை. இன்ஸ்டன்ட் காபிப்பொடி பாக்கெட்டுகள் ஒரு டஜன் எடுத்துப்போங்கள், அடுப்படியில் நல்லவிதமாகக் கேட்டால் வெந்நீர் தருவார்கள். உங்கள் மனைவிக்காகச் சொல்கிறேன்: நிர்மல வாரி என்ற பெயரில் நடமாடும் கழிப்பறைகள் வந்தபிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு முன் போய்விட வேண்டும், ஐந்து மணிக்கு வரிசையைப் பார்த்தால் அழுகை வரும். ஒரு டார்ச் அவசியம்.

இதெல்லாம் முடியாது, அறையும் கட்டிலும் இல்லாமல் உடம்பு தாங்காது என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. புனேயில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பகலில் நடந்து, ராத்திரி பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ திரும்பி, காலையில் விட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்துகொள்வது. ஆளந்தி முதல் ஜேஜுரி வரை இது செல்லும். பால்கி போகும் சாலையை மூடிவிடுவதால் பஸ்கள் சுற்றுவழியில் போகும், அதற்கு நேரம் கொடுங்கள். ஜேஜுரியில் கண்டோபா மலையில் மஞ்சள்பொடி வாரி இறைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதுவே நிறைவான நாலைந்து நாள். நீராவைத் தாண்டினால் இந்த வித்தை பலிக்காது. தூரம் கூடிவிடும், தூங்க நேரம் இருக்காது. பல்டணில் லாட்ஜ் உண்டு, முன்பே சொல்லிவைத்தால் ஒரு ராத்திரி காலை நீட்டலாம். ஆனால் என் சாஸ்வட் அறையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டரிபுரத்துக்கு வருவோம். வழியில் இருபது நாள் தங்குவதைவிடக் கடைசி இரண்டு நாள் தங்குவதுதான் கஷ்டம். ஊருக்கு முன்னால் வாக்கரியில் எல்லாப் பால்கிகளும் கூடும். த்ரியம்பகத்திலிருந்து நிவ்ருத்திநாதர், சாஸ்வடிலிருந்து சோபானதேவர், பைட்டணிலிருந்து ஏக்நாதர், கான்தேஷிலிருந்து முக்தாபாய். இவர்களில் ஏக்நாதரை விட்டு ஞானேஸ்வரரைச் சேர்த்தால் கூடப் பிறந்தவர்கள். அண்ணன் தம்பி தங்கை நாலு பேரும் வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கிறார்கள் என்று சொல்லி என் கூட வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஊருக்குள் போனால் கால் வைக்க இடமில்லை. பழைய திண்டிகளுக்குச் சொந்த மடம் உண்டு. சிலர் வருஷாவருஷம் ஒரே வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடிப்பார்கள். இரண்டும் இல்லாதவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரையில் அரசு ஒதுக்கிய 65 ஏக்கர் மைதானம், அங்கே கூடாரம் அடித்துக்கொள்ளலாம். கோயில் கமிட்டியின் பக்த நிவாஸும் ஷேகாவ் கஜானன் மகாராஜ் சன்ஸ்தானத்தின் விடுதியும் சாதாரண நாளில் அருமையானவை, சுத்தமானவை. ஏகாதசிக்கு அதை நம்பிப் போகாதீர்கள். அதனால்தான் திண்டியில் சேரும்போதே பண்டரிபுரத்தில் இடம் உண்டா என்று கேட்கச் சொன்னேன்.

வேறு யார் வீட்டிலாவது இடம் கிடைக்குமா என்று அலையும்போது புண்டலீகன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தவன், வாசலில் வந்து நின்ற பகவானுக்கு ஒரு செங்கல்லைத் தூக்கிப் போட்டு இதில் நில் என்றுவிட்டான். அவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னும் அதில்தான் நிற்கிறார். அந்த ஊரில் விருந்தாளிக்குக் கிடைத்த முதல் இடம் அவ்வளவுதான்.

தரிசனமும் அப்படித்தான். பாதத்தைத் தொட்டுக் கும்பிடும் வரிசை ஏகாதசியில் ஒரு நாளையும் தாண்டி நீளும். தூரத்திலிருந்து முக தரிசனத்துக்கு வரிசை சின்னது, அதுவும் மணிக்கணக்கு. ஏகாதசி விடியற்காலை முதலமைச்சர் தம்பதியாக அரசு பூஜை செய்வார், வரிசையில் நிற்கும் ஒரு வார்கரித் தம்பதிக்கும் அதில் இடம் கொடுப்பார்கள். உங்கள் அதிர்ஷ்டம் எப்படியோ! என்னோடு நடந்தவர்களில் பாதிப் பேர் சந்திரபாகா ஆற்றில் குளித்து, கோயில் வாசலில் உள்ள நாமதேவர் படியைத் தொட்டு, கோபுரக் கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இத்தனை தூரம் வந்து உள்ளே போகாமலா என்று முதல் தடவை எனக்கு ஆறவில்லை. நான் மட்டும் வரிசையில் நின்றேன். பத்தொன்பது மணி நேரம். இரண்டாம் தடவை நானும் கலசத்தோடு திரும்பினேன். பிறகு கார்த்திகையும் ஆஷாடமும் இல்லாத ஒரு மாதத்தில் போய் நிதானமாகப் பாதத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

திரும்புவதற்குத் துவாதசி அன்று பாரணை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏகாதசி சாயங்காலமே கிளம்பினால் பஸ் நிலையத்தில்தான் ராத்திரி. குர்டுவாடி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நாம் சென்னைக்குப் போகும் ரயிலில் எத்தனை தடவை அந்த ஸ்டேஷனைத் தூக்கத்தில் கடந்திருப்போம்! ஏகாதசியை ஒட்டிச் சிறப்பு ரயில்களும் எஸ்.டி. பஸ்களும் விடுவார்கள். ரயில் டிக்கெட்டை மட்டும் திண்டியில் சேர்ந்த கையோடு எடுத்துவிடுங்கள்.

இந்த வருஷம் முழுதாக நடக்கத் தைரியம் வரவில்லையென்றால் புனே–சாஸ்வட் ஒரு நாள் மட்டும் நடந்து பாருங்கள். மும்பை, புனே ஆபீஸ்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இருப்பதிலேயே கடினமான நாளை முடித்துவிட்டால் மற்ற நாளெல்லாம் உங்களுக்குப் பிசாத்து. அன்று ராத்திரி சாஸ்வடில் தங்கும் எண்ணம் மட்டும் வேண்டாம், புனேக்குத் திரும்பும் வண்டிக்குக் காலையிலேயே சொல்லிவையுங்கள்.

மாலை பற்றியும் ஒரு வார்த்தை. திண்டியில் யாராவது துளசிமாலை போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். சபரிமலை, பழனி நினைப்பில் உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். ஊருக்கு வந்து கழற்றி மாட்டும் மாலை இல்லை அது. போட்டால் ஆயுசுக்கும், மீனும் கறியும் அத்தோடு போச்சு, வாரியும் விடக்கூடாது. மாலை இல்லாமலும் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

உங்கள் மராத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். மாவுலி என்ற ஒரு வார்த்தை போதும். வழி கேட்க, வழி விட, தண்ணீர் வாங்க, மன்னிப்புக் கேட்க எல்லாவற்றுக்கும் அதுதான். என் மராத்தியும் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் மாதுங்கா பஜனைகளில் சின்ன வயசிலிருந்து அபங்கம் கேட்டு வளர்ந்ததால், ஞானேஸ்வரரின் ஹரிபாட் அபங்கங்களைப் பாடும் நேரத்தில் தைரியமாக வாயைத் திறந்தேன். நான் போட்ட கமகத்தைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த காக்கூ தாளத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "உங்கள் ஊரில் விட்டலன் இவ்வளவு வளைந்து வளைந்தா வருவான்? இங்கே நேராக வருவான்" என்றாள். மறுநாளிலிருந்து அவள் கையில் இருந்த தாளத்தில் ஒரு ஜோடி எனக்கு.

ஆக, நாளைக்கே அந்த வாட்ச்மேனிடம் பேசுங்கள். "வாரீலா ஜாதா கா?", வாரிக்குப் போகிறீர்களா, என்று கேளுங்கள். வயசையும் ஊரையும் விசாரித்துவிட்டு, அடுத்ததாக உங்களுக்குப் பஜனை வருமா என்று கேட்பார். வரும் என்று சொல்லிவிடுங்கள்.